ரோஜாக் குச்சி வெட்டி நட்டால் சட்டச் சிக்கல் வருமா?

நர்சரியில் வாங்கிய புது ரக ரோஜாவிலிருந்து குச்சி வெட்டிப் பெருக்கினால் கேஸ் வருமோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. சொந்த நிலத்தில் பயிர் செய்பவருக்கு அந்தப் பயமே வேண்டாம். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001 அவர் பக்கம் நிற்கிறது.

புது ரகத்தை உருவாக்கியவர் அதைப் பதிவு செய்துகொண்டால், உற்பத்தி, விற்பனை உரிமை அவருக்கு. மரம், கொடி வகைகளுக்கு 18 ஆண்டுகள் வரை, மற்றவற்றுக்கு 15 ஆண்டுகள் வரை. ரோஜாவும் சாமந்தியும் பதிவு செய்யக்கூடிய பயிர்களே. பதிவாகாத ரகத்துக்கும் காலம் முடிந்த ரகத்துக்கும் இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. கொல்லையில் தலைமுறையாக நிற்கும் பன்னீர் ரோஜாவுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பதிவான ரகமாகவே இருந்தாலும் 39-வது பிரிவைப் படியுங்கள். விவசாயி தன் விளைச்சலை, விதை உட்பட, சேமிக்கலாம், மறுபடி நடலாம், பரிமாறிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். இங்கே விதை என்றால் மணி மட்டும் இல்லை; அதே ரகமாக முளைத்து வரும் எந்தப் பாகமும் அதில் அடங்கும். ஆகவே பென்சில் பருமனில் நாலு கணு விட்டு, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டிய ரோஜாக் குச்சியும், சாமந்தித் தூரிலிருந்து பிரித்த பக்கக் கன்றும் விதைதான்.

ஒரே ஒரு தடை உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் பெயரை லேபிளில் போட்டு, பையிலோ தொட்டியிலோ அடைத்து, பிராண்டு சரக்காக விற்கக் கூடாது. கன்று விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் நர்சரிக்காரர் ரக உரிமையாளரிடம் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். அது நியாயமும்கூட, ஒரு புது ரகத்தைத் தேறவைக்கப் பல வருட உழைப்பு போகிறது.

தன் பதிவான உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிர் செய்ததாக 2019-ல் குஜராத் விவசாயிகள் மீது பெப்சிகோ வழக்குப் போட்டபோது விவசாய அமைப்புகள் தூக்கிப் பிடித்தது இந்த 39-வது பிரிவைத்தான். அந்த ஆண்டே நிறுவனம் வழக்குகளை வாபஸ் வாங்கியது. ரகத்துக்கு உரிமை இருப்பதே தெரியாமல் பயிர் செய்த விவசாயிக்கு 42-வது பிரிவு தனியாகப் பாதுகாப்புத் தருகிறது.

மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவரைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அவர் பழைய ரகங்களைத் தாராளமாகப் பெருக்கலாம். பதிவான ரகத்தின் கன்றுகளைக் காசுக்கு விற்காமல் இருப்பது நல்லது.

மதுரை மல்லியைப் பற்றியும் குழப்பம் இருக்கிறது. 2013-ல் அதற்குக் கிடைத்தது புவிசார் குறியீடு. அது பெயருக்கான காப்பு, செடிக்கானது அல்ல. பதியம் போட்டு எங்கும் வளர்க்கலாம். குறியீட்டில் சொன்ன பகுதிக்கு வெளியே பூத்ததை மதுரை மல்லி என்று சொல்லி விற்கத்தான் முடியாது.

பலரும் கவனிக்காத இன்னொரு உரிமை இழப்பீடு. பதிவான ரகத்தின் விதையோ கன்றோ விவசாயிக்கு விற்கப்பட்டால், அந்த ரகத்தை உருவாக்கியவர், எந்தச் சூழலில் எவ்வளவு பலன் தரும் என்று விவசாயியிடம் சொல்ல வேண்டும். சொன்னபடி வராவிட்டால் டெல்லியில் உள்ள பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம்; விவசாயிக்குக் கட்டணம் இல்லை. ஆகவே கன்று வாங்கும்போது பில்லையும், செடியில் தொங்கும் ரக அட்டையையும் பத்திரப்படுத்துங்கள்.