மாத்திரையும் காது இரைச்சலும்

ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் இருக்கும் என் மாமா முப்பது வருடம் விசைப்படகு ஓட்டியவர். சில வருடங்களுக்கு முன் மீன்பிடித் தடைக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, "காதுக்குள்ள ஙொய்னு ஒரே இரைச்சல் மாப்ள. புதுசா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்கள்ல, அதுல இருந்துதான். நிறுத்திரலாம்னு இருக்கேன்" என்றார். அந்தப் புது மாத்திரை, இதயத்துக்காக டாக்டர் கொடுத்த 75 மில்லிகிராம் ஆஸ்பிரின்.

மருந்தால் காது இரையுமா? இரையும். ஏற்கெனவே இருக்கும் இரைச்சல் கூடவும் செய்யும். ஆனால் எந்த மருந்து, எவ்வளவு, காதுக்குள் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதைப் பொறுத்து, அது நாலு நாளில் அடங்கும் இரைச்சலாகவும் இருக்கலாம், ஆயுசுக்கும் போகாத இரைச்சலாகவும் இருக்கலாம்.

நம் உள்காதில் ஒரு சின்னச் சங்கு இருக்கிறது. கீழக்கரைச் சங்கு கைகொள்ளாது; இது பட்டாணி அளவுதான். இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுருண்டு, உள்ளே திரவம் நிரம்பியிருக்கும். அந்தத் திரவத்தின் அசைவை மின் சைகையாக மாற்றுபவை மயிரிழைச் செல்கள். ஒரு காதுக்குச் சுமார் 15,000. அவற்றில் 12,000 போல, வெளி வரிசைச் செல்கள். இவை சும்மா கேட்டுக்கொண்டு இருப்பதில்லை. சத்தம் வரும்போது நீண்டு சுருங்கி, மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன. செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

இந்தச் செல்களிடமிருந்து சைகை குறைந்தால் மூளை சும்மா இருக்காது. எங்கள் கரையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஸ்டேஷன் சரியாக எடுக்காதபோது சத்தத்தைக் கூட்டினால், பாட்டைவிட இரைச்சல்தான் கூடும். மூளையும் அதே வேலையைச் செய்கிறது. பல பேருக்குக் காது இரைச்சல் பிறப்பது இப்படித்தான்.

சரி, ஆஸ்பிரினுக்கு வருவோம். வெளி வரிசைச் செல்களை நீட்டிச் சுருக்குவது பிரெஸ்டின் என்ற புரதம். அது வேலை செய்ய குளோரைடு வேண்டும். ஆஸ்பிரினிலிருந்து வரும் சாலிசிலேட், குளோரைடு உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. செல் சாகாது, சோர்ந்துபோகும். மருந்து உடம்பை விட்டுப் போனதும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் இதற்கு ஒரு நாளைக்குச் சில கிராம் அளவு ஆஸ்பிரின் போக வேண்டும். ஒரு காலத்தில் மூட்டுவாத நோயாளிகளுக்குக் காது இரையும்வரை அளவைக் கூட்டி, இரைந்ததும் கொஞ்சம் குறைத்துக் கொடுத்த டாக்டர்கள் உண்டு. அந்த அளவுக்கு முன்னால் 75 மில்லிகிராம் எம்மாத்திரம்!

உடம்பில் சேர்ந்த நீரை இறக்கும் ஃபுரோசெமைடு தொடுவது வேறு இடத்தை. சங்கின் ஒரு பக்கச் சுவர் அந்தத் திரவத்தைச் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தில் வைத்திருக்கிறது. காதின் பேட்டரி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த பேட்டரியை இம்மருந்து இறக்கிவிடும். பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும். ஊசியாக வேகமாக ஏற்றும்போதும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும்தான் பயம் அதிகம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஆன்டிபயாடிக் ஊசிகள். ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டு, எத்தனையோ காசநோயாளிகளின் உயிரைக் காத்தது. ஆனால் இந்த வகை மருந்துகள் மயிரிழை நுனியில் சத்தத்துக்காகத் திறக்கும் அதே கதவு வழியாகச் செல்லுக்குள் நுழைந்து, லேசில் வெளியேறாமல் தங்கி, செல்லையே கொன்றுவிடும். முதலில் போவது மிக உச்ச ஸ்தாயிகள். பேச்சுக்கு அவை வேண்டாம் என்பதால் கேட்கவில்லை என்றே தெரியாது. இரைச்சல்தான் முதல் எச்சரிக்கையாக வரலாம். சிலருக்குத் தாய்வழியில் வரும் ஒரு மரபணு மாற்றத்தால் குறைந்த அளவே காதைக் கெடுத்துவிடும். அம்மா வழி உறவில் ஊசிக்குப் பிறகு காது போனவர்கள் இருந்தால், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டினும் செல்லைக் கொல்கிற ஜாதிதான்.

ஜென்டாமைசின் வகை மருந்துகள் காதுச் சொட்டு மருந்திலும் உண்டு. பாசி எடுக்கவும் சங்கு குளிக்கவும் மூழ்குகிறவர்களுக்கு நீர் அழுத்தத்தால் செவிப்பறை கிழிவது உண்டு. சீழ் வடிகிறது என்று மெடிக்கலில் கேட்டு ஜென்டாமைசினோ நியோமைசினோ உள்ள சொட்டு மருந்தை வாங்கி ஊற்றினால், ஓட்டை வழியாக அது உள்காதுவரை போய்விடலாம். டாக்டரிடம் செவிப்பறையை ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் ஊற்றுங்கள், தயவுசெய்து.

மாமாவின் மாத்திரைகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தன. கொட்டிப் பார்த்தேன். பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின், அப்புறம் எந்தச் சீட்டிலும் இல்லாத டைக்ளோஃபெனாக் அட்டைகள். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி, நாளுக்கு மூன்று போட்டுக்கொண்டிருந்தார். இந்த வகை வலி மாத்திரைகளும் சிலருக்குக் காது இரைச்சல் தரும். இதய நோயாளிக்கு அது அதைவிடப் பெரிய ஆபத்து. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவும் வரலாம்.

டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தி, கேட்கும் திறனைச் சோதிக்கச் சொன்னார். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு குழிபோல இறங்கி, 8,000இல் கொஞ்சம் ஏறியிருந்தது. ஊசி மருந்து கெடுத்த காது இப்படி இருக்காது. அதில் உச்ச ஸ்தாயியிலிருந்தே சரிவு தொடங்கும். இந்தக் குழி சத்தத்தின் கைரேகை. பக்கத்தில் நிற்பவரிடமே கத்திப் பேச வேண்டிய டீசல் எஞ்சின் அருகே முப்பது வருடம். இரைச்சல் முன்பே இருந்திருக்க வேண்டும், எஞ்சின் அதை மறைத்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கி எஞ்சின் ஓய்ந்ததும் வெளியே தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் புது மாத்திரையும் வந்ததால் பழி அதன்மேல் விழுந்தது. ஆஸ்பிரினை மட்டும் அவர் தானாக நிறுத்தியிருந்தால்! நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

வலி மாத்திரையை நிறுத்திய பத்துப் பதினைந்து நாளில் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மீதி இன்னும் இருக்கிறது. ராத்திரி ஃபேன் ஓடினால் தெரியவில்லை, கரண்ட் போனால்தான் கேட்கிறது என்கிறார் மாமா.