எஸ்ஜிஓடி ஏறினாலே கல்லீரல் கெட்டுவிட்டதென்று பொருளல்ல

கடலூரில் நான் நடத்தும் பரிசோதனைக்கூடத்துக்கு இந்த மாதம் மூன்றாவது முறையாக அதே கதை வந்திருக்கிறது. காவலர் தேர்வுக்காகத் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஓடத் தொடங்கிய 22 வயது இளைஞர், முதல் நாளே நண்பர்களோடு போட்டியிட்டு 200 பஸ்கி எடுத்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து வேறொரு இடத்தில் ‘முழு உடல் பரிசோதனை’ செய்துகொண்டதில் கல்லீரலுக்காகப் பார்க்கும் நொதிகளான எஸ்ஜிஓடி 180, எஸ்ஜிபிடி 70 என்று இயல்பைத் தாண்டி வந்திருக்கிறது. மஞ்சள் காமாலை என்று யாரோ சொல்லிவிட, மூன்று நாளாகக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்து, எண்ணெயையும் மீனையும் நிறுத்திவிட்டு, கலங்கிய முகத்தோடு தாயார் அவரை அழைத்து வந்தார். கண்ணில் மஞ்சள் இல்லை, காமாலையில் ஏறும் பிலிருபின் 0.7 என்று இயல்பு, இன்னொரு கல்லீரல் நொதியான ஜிஜிடியும் இயல்பு. தொடையை இலேசாக அழுத்தியதும் இளைஞர் பல்லைக் கடித்தார். தசைச் சிதைவைக் காட்டும் நொதியான சிபிகே பார்த்தேன்: 1,860. ஏறக்குறைய 200க்குள் இருக்க வேண்டிய அளவு அது.

எத்தனை முறை சொன்னாலும் மனத்தில் பதிய மறுக்கும் செய்தி இதுதான்: எஸ்ஜிஓடி கல்லீரலுக்கு மட்டும் உரிய நொதி அன்று. தசையிலும், இதயத்திலும், சிவப்பணுக்களிலும் அது இருக்கிறது. எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலைச் சேர்ந்ததுதான் என்றாலும், அதிலும் ஒரு பங்கு தசையில் உண்டு. பழக்கமில்லாத கடும் பயிற்சியில் தசைநார்கள் சிதையும்போது இரண்டுமே இரத்தத்தில் கலக்கும், ஒரு வாரம் வரைகூட இறங்காமல் நிற்கும். ஜிஜிடி தசையிலிருந்து வருவதில்லை. ஆகவே நொதி உயர்ந்து, ஜிஜிடியும் பிலிருபினும் இயல்பாக இருக்கும் இளைஞரைக் கண்டால், மருத்துவ நண்பர்களே, கல்லீரல் மாத்திரை எழுதும் முன் சிபிகே ஒன்று எழுதுங்கள். நேற்றும் முந்தாநாளும் என்ன செய்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அதே 200 பஸ்கியை இரண்டு வாரம் கழித்து அவர் எடுத்தால் நொதிகள் இந்த அளவுக்கு ஏறாது, ஏனென்றால் ஒருமுறை அடிபட்ட தசை அடுத்த முறைக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. ஆனாலும், நாள்தோறும் பயிற்சி செய்யும் கபடி வீரரின் சிபிகே, பயிற்சியே இல்லாதவருடையதைவிட ஓய்விலும் சற்று உயர்ந்திருப்பது வழக்கம்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. அண்ணா விளையாட்டரங்கத்தில் ஆண்டுக்கணக்காக ஓடுபவருக்கு ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்து தெரியும். தொடர் பயிற்சியால் இரத்தத்தின் நீர்ப்பகுதி 10 முதல் 20 விழுக்காடு வரை பெருகுவதே அதற்குப் பெரும்பாலும் காரணம். ஆனால் ஓடும் பெண்களுக்கு உண்மையான இரும்புச்சத்துக் குறைவும் மிக அதிகமாக வருகிறது என்பதால், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்காமல் மாத்திரையைத் தொடங்குவதும் தவறு, பார்க்காமல் ‘ஒன்றுமில்லை’ என்பதும் தவறு.

கடற்கரையில் ஓடி முடித்த கையோடு, வியர்வை ஆறுமுன் வந்து இரத்தம் கொடுக்காதீர்கள். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் ஏறியிருக்கும், நீர் வற்றி ஹீமோகுளோபினும் கூடித் தெரியும், வீணாகப் பயந்து போவீர்கள். பரிசோதனைக்கு முன் மூன்று நாளாவது கடும் பயிற்சியை நிறுத்துங்கள். புதிதாகத் தொடங்கியவராக இருந்தால் ஒரு வாரம் நிறுத்துங்கள். வந்ததும் பத்து நிமிடம் உட்காருங்கள்.

பயிற்சியாளர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: புதிதாக வரும் பிள்ளைகளை முதல் நாளே, அதுவும் அக்னி நட்சத்திர வெயிலில், விழும்வரை ஓட வைக்காதீர்கள். தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் அதிலிருந்து கசிவது சிறுநீரகத்தையே அடைத்துவிடக்கூடும். பயிற்சிக்குப் பின் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், அல்லது தசை வீங்கிக் கைகாலை அசைக்கவே முடியாமல் போனால், வலி மாத்திரை விழுங்கிவிட்டுப் படுக்காமல், கீழாநெல்லியும் தேடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த நாளில் என்ன பயிற்சி செய்தீர்கள் என்பதை அங்கே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.