வழிபாட்டுக்குப் போகாத ராணுவக் குடும்பங்களை யார் கூட்டிவைப்பது?

அமெரிக்க ராணுவத் தளம் ஒன்றுக்குப் புதிதாக மாற்றலாகி வரும் குடும்பத்துக்கு முதலில் கைகொடுப்பவர்கள் பெரும்பாலும் தளத்துத் தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள்தான். பிரசவமான வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவருவார்கள். கணவனோ மனைவியோ வெளிநாட்டுப் பணிக்குப் போயிருக்கும் மாதங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த உதவியோடு ஜெபமும் சேர்ந்தே வருகிறது. கடவுள் நம்பிக்கை இல்லாத குடும்பம் ஒன்று, பொய்யாகத் தலைகுனிந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ராணுவக் குடும்பங்களுக்கான சமூகப் பணியாளராக நான் சந்திப்பவர்களில் பலர் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்துவிட்டுப் பிறகு என்னிடம் வருகிறார்கள்.

இவர்களுக்காக ஒரு கூடுகை நடத்தலாம் என்று யாராவது கிளம்பினால், பத்தில் ஒன்பது பேர் முதலில் யோசிப்பது ஒரு பேச்சாளரை அழைப்பதைத்தான். பரிணாமம், கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று ஏதாவது ஒரு தலைப்பு. வாதாடுவதில் ஆர்வமுள்ள நான்கு இளைஞர்கள் மகிழ்ச்சியாக வருவார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண் அடுத்த முறை வரமாட்டார். அவருக்குக் கடவுள் இல்லை என்று நிரூபிக்க ஆள் தேவையில்லை. அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவசரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அண்டையில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

பெரிய விழாக்களுக்கும் ஒரு பயன் உண்டு. 2010-இல் வட கரோலினாவிலுள்ள ஃபோர்ட் பிராக் தளத்தில் கிறிஸ்தவ நற்செய்தி இசைவிழா ஒன்று நடந்தபோது, நம்பிக்கையற்ற வீரர்கள் தங்களுக்கும் அதே வாய்ப்பு வேண்டும் என்று கேட்டார்கள். இழுபறிக்குப் பிறகு 2012 மார்ச் 31 அன்று நம்பிக்கையற்றவர்களுக்கான ‘ராக் பியாண்ட் பிலீஃப்’ விழா அங்கேயே நடந்தது. நாத்திகத்துக்காக வாதாடும் பிரிட்டிஷ் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் வந்து பேசினார். ஒரு தரப்புக்குத் தந்த வசதியை இன்னொரு தரப்பும் கேட்கலாம் என்பதற்கு இன்றும் சுட்டிக்காட்டக்கூடிய முன்னுதாரணம் அது. ஆவணங்களிலும் மாற்றம் வந்தது. வீரர்கள் தங்கள் மத விருப்பமாக ‘மனிதநேயவாதி’ (கடவுளைச் சாராமல் மனிதரை மையமாக வைத்து வாழ்பவர்) என்று பதிவுசெய்துகொள்ளத் தரைப்படை 2014-இல் அனுமதித்தது. 2017-இல் பாதுகாப்புத் துறை எல்லாப் படைகளுக்கும் பொதுவாக வெளியிட்ட பட்டியலில் இப்படிப் பதிவுசெய்யக்கூடிய நம்பிக்கைகளின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. இருந்தாலும் பட்டியலில் பெயர் ஏறியதால் சனிக்கிழமை மாலையில் யாரும் கதவைத் தட்டப்போவதில்லை.

கூடுகைக்குத் தளத்தில் இடம் கிடைக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தனியார் அமைப்பாகப் பதிவு செய்வது. அதற்குத் தளபதியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், செலவை நீங்களே திரட்ட வேண்டும், ராணுவமே நடத்துகிறது என்று தோன்றும்படி அதன் பெயரையோ முத்திரையையோ பயன்படுத்தக்கூடாது. இன்னொன்று, தளத்து மதகுருவின் அலுவலகம் மூலம் அறை கேட்பது. நாத்திகர்கள் மதகுருவிடம் போவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். போங்கள் என்றுதான் நான் சொல்வேன். தம் மதத்தைச் சேராதவர்களுக்கும் வசதி செய்து தருவது ராணுவ மதகுருவின் கடமைகளில் ஒன்று. அதோடு, அவரிடம் அந்தரங்கமாகச் சொன்னது அதிகாரிகளின் காதுக்குப் போகாது என்பது விதி. மருத்துவர்களோ என் போன்றவர்களோ அந்த அளவு உறுதி தர முடியாது. நெதர்லாந்துப் படைகளில் மதகுருக்களைப் போலவே 1964 முதல் மனிதநேய ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையோ, மதகுருப் பணிக்கு விண்ணப்பித்த மனிதநேயவாதி ஒருவரை 2014, 2018 என இருமுறை நிராகரித்தது. ஆகவே இப்போதைக்கு இருக்கிற கதவைத்தான் தட்ட வேண்டும்.

மதுக்கூடத்தில் சந்திப்பதைத் தவிர்த்துவிடுங்கள். இத்தகைய குழுக்களுக்கு அது ஏனோ வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் மது அருந்தும் வயது 21. முதல் முறையாக வீட்டைப் பிரிந்து வந்திருக்கும் 18, 19 வயது வீரர்கள்தான் தனிமையில் அதிகம் வாடுகிறவர்கள். அவர்களையே வாசலில் நிறுத்திவிடுகிறோம். பூங்கா, பந்தை உருட்டி விளையாடும் ‘பவுலிங்’ கூடம், தளத்திலுள்ள சமூகக்கூடம் எல்லாம் இருக்கின்றன. தளத்துக்குள் வைத்தால் வெளியில் வசிக்கும் உறவினர்களுக்கு நுழைவு அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அறிவிப்பில் ‘நாத்திகர்’ என்ற சொல் இருக்க வேண்டுமா என்பது ஓயாத சண்டை. என் கருத்தில், நிகழ்ச்சி என்ன என்பதைப் பெரிதாகவும், ‘வழிபாடு கிடையாது, எல்லோரும் வரலாம்’ என்பதைக் கீழே சிறிதாகவும் போட்டால் போதும். கணவன் தேவாலயத்துக்குப் போவார், மனைவி போகமாட்டார் என்ற வீடுகள் நிறைய உண்டு. அந்தக் கணவரும் கூச்சமின்றி வந்து உட்கார முடிய வேண்டும். மதத்தைக் கேலி செய்யும் நகைச்சுவை ஒன்று போதும், அந்தக் குடும்பமே போய்விடும்.

பெயர் அட்டையில் பதவி எழுத வேண்டாம். ஆனால் அதிகாரிகளுக்கும் சாதாரண வீரர்களுக்கும் இடையிலான நெருக்கத்துக்கு ராணுவத்தில் எல்லைகள் உண்டு. பூங்காவுக்கு வந்தாலும் அவை மறைந்துவிடாது. எனவே அதிகாரி ஒருவர் தம் நேரடிக் கீழ்ப்பணியாளரை இந்தக் கூடுகைக்கு அழைக்கவே கூடாது. அழைப்பு அன்பாக இருந்தாலும் உத்தரவாகத்தான் காதில் விழும். தம் நம்பிக்கையின்மையை மேலதிகாரியிடம் சொல்லாதவர்களும் வருவார்கள் என்பதால் புகைப்படங்களைக் கேட்காமல் வெளியிடாதீர்கள். யார் எந்தப் பிரிவில், எப்போது வெளிநாடு போகிறார் என்பது இணையத்தில் வரவே கூடாது. அது பாதுகாப்பு விதி.

இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் கலைவது கருத்து வேறுபாட்டால் அல்ல, பணிமாற்றத்தால். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒருங்கிணைப்பாளர் பெட்டி கட்டிவிடுவார். பணியிலிருந்து ஓய்வுபெற்று அதே ஊரில் தங்கிவிட்ட முன்னாள் வீரர் ஒருவரையாவது தொடக்கத்திலேயே குழுவுக்குள் கொண்டுவாருங்கள். மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லும், அறை ஒதுக்கும் அலுவலரின் தொலைபேசி எண்ணும் அவரிடம் ஒரு பிரதி இருக்கட்டும்.