ஆட்காட்டி கத்தினால் பின்வாங்குங்கள்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் கேமரா பழக வருகிறான். விளையாட்டில் பத்துப் படம், இயற்கையில் பத்துப் படம் கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். கபடியில் ஆரம்பித்தோம்.

திருவிழாக் கபடி என்றால் இரவுதான், வெளிச்சத்துக்கு ஃபோகஸ் லைட். முதல் நாள் அவன் எடுத்ததில் பாதிப் படம் இருட்டு, மீதி மஞ்சள். கேமரா போயிடுச்சு என்று பயந்துவிட்டான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, நொடியில் 800-இல் ஒரு பங்கு நேரமே திறக்கும் 1/800 ஷட்டரில் மாட்டிக்கொள்ளும். ஆன்டி ஃப்ளிக்கர் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையா, நாலு படம் கூடுதலாக எடுத்துத் தேறியதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் 1/500-க்குக் கீழே இறங்குவதில்லை, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 6400 போய்ப் படத்தில் புள்ளி விழுந்தாலும் சரி. புள்ளி விழுந்த படத்தைத் தேற்றலாம். கலங்கிய படத்தை என்ன செய்ய?

ஒரு ரைடுக்கு 30 நொடி. பாடி வருபவனையே பார்க்காமல், பிடிக்க நிற்பவர்களில் யார் கை கோத்திருக்கிறார்கள், யார் குதிகாலைத் தூக்கியிருக்கிறார் என்று கவனித்தால் பிடி எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரியும். அவர்களுக்குப் பின்னால், கடைசிக் கோட்டைத் தாண்டித் தரையோடு உட்கார வேண்டும். நன்றாகவே தள்ளி. ஒருமுறை ஆசைப்பட்டுக் கிட்டே உட்கார்ந்து, மூன்று பேர் மேலே விழுந்து என் லென்ஸ் ஹூட் நொறுங்கியிருக்கிறது.

சரி, கபடியில் கோடு போட்டிருக்கிறார்கள். கண்மாயில் யார் போடுவார்?

ஏப்ரல் மாதம், காலை பத்தரை மணி. பாதி வற்றிய கண்மாய்க்குள் அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஆட்காட்டிக் குருவிகள் இரண்டு தலைக்கு மேலேயே சுற்றிக் கத்தின. "அண்ணே, தானாவே கிட்ட வருதுண்ணே!" என்று படபடவென்று எடுத்துத் தள்ளினான். அப்படியே நில் என்று சத்தம் போட்டேன். அவன் செருப்புக்கு இரண்டடி தள்ளி, வெறுந்தரையில் நான்கு முட்டைகள். மண் நிறத்தில் கருந்திட்டு. சுற்றிக் கிடந்த சரளைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அந்தப் பறவை வெயிலில் முட்டைக்கு நிழலாக நிற்கும். தண்ணீரில் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும். நாம் படத்துக்காக அங்கே கால் மணி நேரம் நின்றால், அவ்வளவு நேரமும் முட்டை வெயிலில் வேகிறது. நாம் எங்கே குனிகிறோம் என்று காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பறவைகளின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வது அடங்கும். இது பல வருடமாகப் படம் எடுப்பவர்களுக்கே தெரிவதில்லை. கூடு தெரியட்டும் என்று கிளையை ஒடிப்பவர்களையும், செல்போனில் கூவலைப் போட்டுப் பறவையை வரவழைப்பவர்களையும் நான் என்னோடு அழைத்துப்போவதில்லை.

வந்த தடத்திலேயே பின்வாங்கி, நாற்பது மீட்டர் தள்ளிக் கருவேல மர நிழலில் குப்புறப் படுத்தோம். நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் கன்டினியூவஸ் ஃபோகஸ், ஷட்டர் 1/2000. ஏழெட்டு நிமிடத்தில் கத்தல் நின்றது. பத்து நிமிடத்துக்கு மேல் போயும் அடங்கவில்லை என்றால் இன்னும் தள்ளிப் போக வேண்டும், இல்லையென்றால் கிளம்பிவிட வேண்டும். ஒரு பறவை நீரோரம் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு, நின்று நின்று நடந்து வந்தது. படத்தில் அது கட்டைவிரல் அளவுதான். ஆனால் வயிற்றிலிருந்து சொட்டும் நீர் தெளிவாக விழுந்திருந்தது.

பத்தில் முதலாவதாக அந்தப் படத்தையே வைத்திருக்கிறான். ஜிபிஎஸ் விவரத்தை அழித்துவிட்டு, இடம் என்று கேட்ட கட்டத்தில் மாவட்டத்தின் பெயரை மட்டும் எழுதினான்.