புரோட்டோகால்: பசை தடவி ஒட்டின ஏடு

போன மாசம் வேளச்சேரி வீட்டுல ஏசி கூலிங்கே இல்ல, மெக்கானிக் வந்து கேஜ் மாட்டிப் பாத்துட்டு "சார் இது 22 கேஸ் மிஷின், இனிமே கேஸ் கெடைக்கிறதே கஷ்டம், மாத்திடுங்க"ன்னாரு. ஏண்ணா கெடைக்காதுன்னு கேட்டா "ஏதோ ஃபாரின்ல புரோட்டோகால் போட்டுட்டாங்களாம் சார்".

அவர் சொன்னது கரெக்ட், மாண்ட்ரியல் புரோட்டோகால். ஆனா நம்ம ஊர்ல புரோட்டோகால்னா மந்திரி வர்ற ஃபங்ஷன்ல யாரு மொதல்ல குத்துவிளக்கு ஏத்துறது, கலெக்டருக்கு எந்த சேர், இந்த பஞ்சாயத்துதான். அதுக்கும் ஏசி கேஸுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த வார்த்தை கிரேக்கம். 'புரோட்டோஸ்'னா முதல், 'கொல்லா'ன்னா பசை. பாப்பிரஸ் (அந்தக் காலத்து நாணல் தாள்) சுருள்ல மொத ஏடா ஒட்டுற தாளுக்குத்தான் புரோட்டோகொல்லான்னு பேரு (ஃபேஸ் கிரீம் விளம்பரத்துல கத்துற கொலாஜனும் இதே கொல்லாதான்). அங்கேர்ந்து லத்தீன், பிரெஞ்சுன்னு போயி பத்திரம், அரசாங்கக் குறிப்பு, கடைசில நாடுகளுக்கு நடுவுல போடுற ஒப்பந்தம்னு அர்த்தம் மாறிக்கிட்டே வந்திருக்கு.

சுற்றுச்சூழல் சட்டத்துல இதுக்கு ஒரு தனி வேலை இருக்கு. 1985ல வியன்னால ஓசோன் படலத்தைக் காப்பாத்தணும்னு ஒரு உடன்படிக்கை போட்டாங்க, சரி, ஆனா எந்த கேஸை எப்பக்குள்ள எவ்ளோ குறைக்கணும்னு அதுல கணக்கு கிடையாது, அந்தக் கணக்கு வந்தது 1987 செப்டம்பர் 16 மாண்ட்ரியல்லதான். அதாவது உடன்படிக்கை தாய்னா புரோட்டோகால் குட்டி. ஓசோனை அரிக்கிற நம்ம 22 கேஸை வளரும் நாடுகள் 2030ல 97.5 சதவீதம் குறைச்சிருக்கணும்ங்கறது அந்தக் குட்டி போட்ட கெடு.

தாய்ல சேந்துட்டா குட்டியிலயும் சேந்த மாதிரி ஆகாது, இதான் முக்கியம். 1992 காலநிலை உடன்படிக்கைல சேந்த அமெரிக்கா, அதோட குட்டியான 1997 கியோட்டோ புரோட்டோகால்ல கையெழுத்து போட்டும் கடைசி வரைக்கும் ஒப்புதல் குடுக்கல. கனடா உள்ள போயிட்டு வெளிய வந்துடுச்சு. 2015 பாரிஸ்ல வந்ததுக்கு புரோட்டோகால்னு பேரே வைக்கல, ஒப்பந்தம்னுட்டாங்க.

இப்ப தமிழுக்கு வருவோம். நிறைய இடத்துல 'கியோட்டோ நெறிமுறை'ன்னுதான் இருக்கு. எனக்கு அது ஒட்டல. நெறிமுறைன்னா எப்படி நடந்துக்கணும்ங்கறது, டாக்டருங்க சிகிச்சைக்கு வச்சிருக்கறதுக்கும் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்கும் சரியா வரும். விழா விஷயத்துக்கு மரபுன்னு சொன்னாலே போதும். ஒப்பந்தத்துக்கு 'துணை உடன்படிக்கை'ன்னு போடுங்க, கேட்டவுடனே இதுக்கு ஒரு தாய் இருக்குன்னு புரிஞ்சிடும். வேடிக்கை என்னன்னா மொத ஏடா இருந்தது இப்ப பின்னாடி ஒட்டுற ஏடா ஆயிடுச்சு, 'முதல்' போயி பசை மட்டும் மிச்சம்.

தரமணில இருக்கே தேசிய பல்லுயிர் ஆணையம், அதுக்குக்கூட இப்படி ஒரு குட்டியோட வேலை உண்டு: பல்லுயிர் உடன்படிக்கைங்கற தாயோட 2010 நகோயா துணை உடன்படிக்கை. நம்ம மூலிகைய வச்சு எவனாவது காசு பாத்தா அதுல பங்கு வரணும்ங்கற கதை.

ஏசி மாத்தியாச்சு, புதுசுல 32 கேஸ். அதுவும் மாண்ட்ரியலுக்கு 2016ல கிகாலில போட்ட திருத்தத்துல, குறைக்க வேண்டிய கேஸ் லிஸ்ட்ல இருக்குன்னு மெக்கானிக் அண்ணன்கிட்ட நான் இன்னும் சொல்லல.