பத்துக் கோடியில் ஒன்று: முருங்கைக்காய் ஏன் விமானம் ஏறவில்லை?

உசிலம்பட்டிப் பக்கம் என் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் முருங்கை இருக்கிறது. போன சீசனில் ஒரு வியாபாரி வந்து, காய் நன்றாக இருக்கிறது, ஐரோப்பாவுக்கு அனுப்பலாம் என்று சொல்லி ஆய்வகத்துக்கு மாதிரி எடுத்துப் போனார். ஒரு வாரம் கழித்து ஒரு தாள் வந்தது. காய் போகவில்லை. வழக்கம்போல ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கிடைத்த விலைக்கு இறக்கிவிட்டு வந்தார்.

அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். "ஏய்யா, சைபர் புள்ளி சைபர் மூணுன்னு போட்டிருக்கான். அம்புட்டு வெசமா நான் அடிச்சேன்?"

அவர் அடித்த மருந்தின் பெயர் அதில் இருந்தது. பருத்திக்கும் கத்தரிக்கும் லேபிளிலேயே அனுமதி உள்ள, தடை ஏதும் இல்லாத மருந்துதான். பக்கத்தில், கண்ட அளவு கிலோவுக்கு 0.03 மில்லிகிராம். அதற்கும் பக்கத்தில், அனுமதித்த அளவு 0.01. மூன்று மடங்கு! பார்த்தவுடன் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும்.

கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்றால் பத்துக் கோடியில் ஒரு பங்கு. பத்து டன் ஏற்றிய லாரி முழுக்க முருங்கைக்காய் இருந்தால், அவ்வளவிலும் சேர்த்து நூறு மில்லிகிராம் மருந்து. ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. சரி, குறைவாக இருந்தாலும் விஷம் விஷம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்த 0.01, அந்த மருந்தை எவ்வளவு தின்றால் உடம்புக்குக் கெடுதல் என்று பார்த்துப் போட்ட எண் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது இது: ஒரு மருந்துக்கும் ஒரு பயிருக்கும் தனியாக வரம்பு வகுக்கப்படவில்லை என்றால், பொதுவாக 0.01 என்று எடுத்துக்கொள். கருவிகள் நம்பிக்கையாக அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவை ஒட்டிய எண் அது. அதாவது, தரவு இருக்க வேண்டிய கட்டத்தில் தரவு இல்லை, அதனால் ஏறத்தாழ சைபர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தரவு எப்படி உருவாகிறது என்று பார்த்தால், சித்தப்பாவின் காய் ஏன் போகவில்லை என்பது புரிந்துவிடும்.

மருந்து அடித்த அன்றிலிருந்தே அது குறையத் தொடங்குகிறது. வெயிலின் புறஊதாக் கதிர் உடைக்கிறது, சூட்டில் கொஞ்சம் ஆவியாகிறது, மழை கழுவுகிறது, செடிக்குள் போனதைச் செடியின் நொதிகள் சிதைக்கின்றன. இன்னொன்றும் நடக்கிறது, அது வேடிக்கையானது: காய் வளர்கிறது. முப்பது கிராம் பிஞ்சாக இருக்கும்போது பட்ட மருந்து, அது நூற்றைம்பது கிராம் காயானதும் ஒரு துளிகூடச் சிதையாவிட்டாலும் கிலோ கணக்கில் ஐந்தில் ஒன்றாகிவிடும். குழம்பில் தண்ணீர் ஊற்றினால் உப்பு குறைவது மாதிரி.

இந்தக் குறைவு பெரும்பாலும் பாதி பாதியாக நடக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, அடித்த அன்று காயில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் இருக்கிறது, மூன்று நாளைக்கு ஒருமுறை பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 0.5 என்றால் இரண்டு தடவை பாதியானால் போதும். ஆறு நாளில் பறிக்கலாம். வரம்பு 0.01 என்றால் இருநூறில் ஒரு பங்காக வேண்டும். ஏழரைத் தடவைக்கு மேல் பாதியாக வேண்டும். கிட்டத்தட்ட இருபத்து மூன்று நாள். மருந்தும் மரமும் வெயிலும் அதேதான். தாளில் இருக்கிற எண் மட்டும் மாறியதால் காத்திருப்பு ஆறிலிருந்து இருபத்து மூன்றாகிவிட்டது.

கறிவேப்பிலைக்காரர் வேண்டுமானால் சமாளித்துக்கொள்வார். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி உண்டு. முன்கூட்டியே அடித்துவிட்டு ஒதுங்கலாம். முருங்கையில் அது நடக்காது. ஒரே மரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பறிக்கிற காயும் தொங்கும். சீசனில் சில நாளைக்கு ஒருமுறை பறிப்பு. மொட்டைத் துளைக்கிற புழுவுக்காகவோ, காயில் முட்டை வைத்துப் பிசின் வடியச் செய்கிற ஈக்காகவோ இன்று அடித்தால், அது நாளை மறுநாள் பறிக்கப்போகிற காய் மேலும்தான் படும். இருபத்து மூன்று நாள் பறிக்காமல் விட்டால் காய் முற்றி விதைக்குத்தான் ஆகும்.

கீரை இன்னும் சிக்கல். இலைக்கு எடை குறைவு, பரப்பு அதிகம். அதே தெளிப்பில் காயைவிட இலையில் கிலோவுக்குக் கூடுதல் மருந்து தங்கும். அப்புறம் அதை உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர் என்றால், ஒரு கிலோ பொடிக்கு இலை மட்டுமே நாலு கிலோ அளவுக்கு வேண்டும். தண்ணீர் போய்விடுகிறது, மருந்து பெரும்பாலும் தங்கிவிடுகிறது, ஆக நாலு மடங்கு செறிவு. உலர்த்தலுக்கு இவ்வளவு மடங்கு என்று காட்டும் எண் கையில் இருந்தால் பொடியின் அளவைப் பச்சை இலைக் கணக்குக்குத் திருப்பிப் பேசலாம். அந்த எண்ணையும் யாராவது சோதித்துத்தான் தர வேண்டும்.

வரம்பு வகுக்க வயலில் முறையான சோதனை நடக்க வேண்டும். லேபிளில் எழுதப்போகிற உச்ச அளவில், உச்சத் தடவைகள், மிகக் குறைந்த இடைவெளியில் மருந்து அடிப்பார்கள். நியாயமாக நடக்கக்கூடியதில் எது மோசமோ அதுதான் தெரிய வேண்டும். அடித்த அன்று, ஒரு நாள் கழித்து, மூன்று, ஏழு, பத்து என்று காய் பறித்து, உடனே உறையவைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பக்கத்திலேயே, சாரல் படாத தூரத்தில், மருந்தே அடிக்காத சில மரங்கள் இருக்க வேண்டும். அவற்றின் காயும் ஆய்வகத்துக்குப் போகும். ஒரே தோட்டத்தில் செய்தால் போதாது. வெவ்வேறு ஊர், வெவ்வேறு பருவம் வேண்டும். ஐரோப்பிய வழக்கப்படி பெரிய பயிருக்கு எட்டுச் சோதனை, சிறு பயிருக்கு நான்கு.

ஆய்வகத்தில் பெரும்பாலும் நடப்பது 2003-ல் வெளியான ஒரு முறை, கேச்சர்ஸ் என்பார்கள். காயை உறைந்த நிலையிலேயே அரைத்து, பத்து கிராம் எடுத்து, பத்து மில்லி அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்கி, மெக்னீசியம் சல்பேட்டும் சோற்றுப்பும் போடுவார்கள். உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ள, மருந்து கரைந்த திரவம் மேலே தனியாக நிற்கும். மோரில் வெண்ணெய் திரளுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதைச் சுத்தம் செய்து, மூலக்கூறுகளை எடை பார்த்துப் பிரிக்கிற நிறைமாலைமானியில் செலுத்தினால், ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடலாம்.

கறிவேப்பிலை, முருங்கைக்கீரை மாதிரியானவை இங்கேயும் தொல்லை கொடுக்கும். பச்சையமும் வாசனை எண்ணெய்களும் கருவிக்குள் புகுந்து மருந்தின் சமிக்ஞையை அமுக்கிவிடும். பச்சையத்தை எடுக்கக் கரித்தூள் போட்டால் அது சில மருந்துகளையும் சேர்த்து விழுங்கிவிடும். இதைவிட விசேஷம் ஒன்று உண்டு. மேன்கோசெப் வகைப் பூஞ்சாணக் கொல்லிகளை வழக்கமாக நேரடியாக அளப்பதில்லை. அமிலத்தில் சூடாக்கி, வெளிவரும் கார்பன் டைசல்பைடு வாயுவை அளப்பார்கள். முட்டைக்கோசிலும் பப்பாளியிலும் மருந்தே அடிக்காவிட்டாலும் அந்த வாயு கொஞ்சம் வரும், அவற்றின் சொந்தக் கந்தகச் சேர்மங்களிலிருந்து. முருங்கையும் அதே தாவர வரிசையைச் சேர்ந்ததுதான்; கீரையின் அந்தச் சுருக்கென்ற காரத்துக்குக் காரணம் குளூகோசினோலேட்டுகள் என்ற கந்தகச் சேர்மங்கள்தான். மருந்து அடிக்காத மரத்தின் காய் இல்லாவிட்டால், மரம் தானாகச் செய்ததா, மனிதன் அடித்ததா என்று பிரிக்க வழியில்லை.

நாலு சோதனையில் பறிப்பு நாளில் கிடைத்த அளவுகள் 0.05, 0.08, 0.12, 0.20 என்று வைத்துக்கொள்வோம். வரம்பு போடும் கணக்கு, அதிகபட்ச அளவு, சராசரியின் மூன்று மடங்கு, சராசரியோடு நியமவிலக்கத்தின் (அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் எண்) நான்கு மடங்கைக் கூட்டியது, இந்த மூன்றில் எது பெரிதோ அதை எடுத்து மேல்நோக்கி முழுமையாக்கும். இங்கே சராசரி 0.11, மூன்றாவது கணக்கு 0.37-ஐ ஒட்டி வரும், வரம்பு 0.4. அப்புறம்தான் உடல்நலச் சோதனை. ஒருவர் ஒரு நாளில் சாப்பிடுகிற அளவு, 0.4 வரை மருந்து இருந்தால் உள்ளே போகிற அளவு, விலங்குச் சோதனையில் பாதிப்பே காட்டாத அளவை வழக்கமாக நூறால் வகுத்துப் பெற்ற தினசரி அளவு, இவற்றை ஒப்பிடுவார்கள். மீறினால் வரம்பு கிடையாது, மருந்தை அந்தப் பயிருக்கு விட மாட்டார்கள். மீறாவிட்டால் 0.4 என்று அட்டவணையில் ஏறும்.

அந்த அட்டவணை இருந்திருந்தால் சித்தப்பாவின் 0.03 எந்தத் தடையும் இல்லாமல் போயிருக்கும். அளவீட்டின் நிச்சயமின்மை என்று ஐரோப்பாவில் பாதியைத் தள்ளிக்கொடுப்பார்கள். அப்படித் தள்ளினாலும் 0.015, வரம்பு 0.01. அதனால்தான் அந்த வழியும் அவருக்கு அடைத்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சரக்கு நிற்பதெல்லாம் தரவு இல்லாத காகிதக் காரணத்தால் மட்டும் அல்ல. கறிவேப்பிலை, வெண்டை, முருங்கைக்காய் மூன்றையும் இந்தியாவிலிருந்து வந்தால் கூடுதலாகச் சோதிக்க வேண்டிய பட்டியலில் ஐரோப்பா வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கட்டத்தில் கறிவேப்பிலையில் இரண்டு சரக்குக்கு ஒன்று நிறுத்தப்பட்டுச் சோதனைக்குப் போனது. காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் கூடாது என்று 2005-லேயே நம் நாட்டில் ஆணை வந்தது. அதற்குப் பிறகும் 'மோனோ' கேட்டு மருந்துக்கடைக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடிப்பதையும் பார்த்திருக்கிறேன். தரவு இல்லை என்பது இதற்கெல்லாம் சாக்கு ஆகாது. ஆனால் ஒழுங்காக அடித்தவனையும் கலந்து அடித்தவனையும் 0.01 ஒரே தராசில் நிறுத்துகிறது.

நாலே நாலு சோதனைதானே, செய்ய வேண்டியதுதானே? யார் செய்வது என்பதுதான் சங்கதி. இந்தியாவில் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டப்படி, எந்தப் பயிருக்கு எந்த மருந்து என்பது லேபிளில் இருக்க வேண்டும். அதற்கான சோதனையை மருந்துக் கம்பெனிதான் செலவழித்துச் செய்து பதிவுக்குக் கொடுக்க வேண்டும். நெல்லுக்கும் பருத்திக்கும் செய்தால் போட்ட காசு திரும்பும். முருங்கைக்குச் செய்தால் திரும்பாது. ஆக லேபிளில் முருங்கை ஏறுவது அரிது, விவசாயிக்கு மருந்துக்கடைக்காரர் சொல்வதுதான் சிபாரிசு. கறிவேப்பிலையின் நிலைமை இன்னும் வினோதம். ஐரோப்பிய அட்டவணையில் அது தனிப் பயிராகக்கூட இல்லை. மூலிகை இலைகள் வரிசையில் லாரல் இலைக்குக் கீழே ஒண்டிக்கொண்டிருக்கிறது. தாளிப்பில் அதன் இடம் என்ன என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

திராட்சையைப் பாருங்கள். 2010-ல் குளோர்மெக்வாட் என்ற மருந்தின் எச்சம், அதாவது பழத்தில் தங்கிய மிச்சம், இருக்கிறது என்று ஐரோப்பாவில் நம் திராட்சை சிக்கிக்கொண்டது. பணம் புரளும் பயிர் என்பதால், தோட்டத்திலிருந்து கப்பல் வரை பின்தொடரும் ஏற்பாடும், அதற்கென்றே புனேயில் ஒரு மேற்பார்வை ஆய்வகமும் இருந்தன. அடி விழுந்தாலும் எழுந்துகொண்டார்கள். முருங்கைக்கு அப்படிப்பட்ட முதுகு கிடையாது.

அமெரிக்கா இந்தச் சிக்கலை 1963-லேயே பார்த்துவிட்டது. கம்பெனி தொடாத சிறு பயிர்களுக்கு அரசுப் பணத்தில் சோதனை செய்ய ஐ.ஆர்-4 என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள், இன்னும் நடக்கிறது. தென்கிழக்கு ஆசிய நாடுகள் வேறு வழி பிடித்தன. ஒரு பயிருக்கு வேண்டிய சோதனைகளை நாடுகளுக்குள் பங்கிட்டுக்கொண்டு, தரவை ஒன்றாகச் சேர்த்து, உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸிடம் கொடுத்தார்கள். மொய் எழுதுகிற மாதிரி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் ஒரு வீட்டுக் கல்யாணம் முடிந்துவிடும். இன்னொரு சுருக்குவழி பயிர்க் குழு: ஒரே மாதிரி காய்க்கிற பயிர்களைக் கூட்டாகச் சேர்த்து, ஒரு பிரதிநிதிப் பயிரில் செய்த சோதனையை மற்றவற்றுக்கும் எடுத்துக்கொள்வது. முக்கால் மீட்டர் நீளத்துக்குக் குச்சி மாதிரி தொங்குகிற காயை எந்தக் காயோடு சேர்ப்பது என்பது வேறு பஞ்சாயத்து.

நம் பக்கத்தில் இதற்கு வேண்டிய ஆட்கள் இல்லாமல் இல்லை. பி.கே.எம்-1 என்ற முருங்கை ரகமே பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் பிறந்ததுதான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் எச்ச ஆய்வுக்கூடம் இருக்கிறது. மதுரை, தேனி, திண்டுக்கல் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களைச் சேர்த்து முருங்கை ஏற்றுமதி மண்டலம், மதுரையில் அதற்கொரு சேவை மையம் என்று அரசு அறிவித்ததும் நினைவிருக்கலாம். என்னைக் கேட்டால், பொடி அரைக்கும் இயந்திரத்துக்கு மானியம் தருவதற்கு முன், மொட்டுப் புழுவுக்கு ஒன்று, காய் ஈக்கு ஒன்று என்று இரண்டே மருந்தைத் தேர்ந்து, அவற்றுக்கு நாலு ஊரில் சோதனை செய்யக் காசு ஒதுக்குவேன்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியாகிற கணக்கு அவருக்கு உடனே பிடிபட்டது. "வட்டிக்கணக்கத் திருப்பிப் போட்ட மாதிரில்ல இருக்கு" என்றார். நாலு ஊர், உறையவைத்த காய், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மருந்தே அடிக்காத மரமும் வேண்டும் சித்தப்பா, அதைத்தான் விவசாயிகள் ஒத்துக்கொள்ளத் தயங்குவார்கள் என்றேன்.

"அது எதுக்கு ஒத்துக்கிறது? கெணத்தடியில ரெண்டு மரம் நிக்கிதுல்ல. அதுக்கு நான் மருந்தே அடிக்கிறதில்லய்யா" என்றார். "வீட்டுச் சாம்பாருக்கு அதுலதானே பறிக்கிறோம்."