மலையேறியும் தப்ப முடியாத தேரை

"கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் படியளப்பவன் ஒருவன் உண்டு" என்று பாட்டி சொல்வார். மலேசியாவின் பினாங்குத் தீவில் நிஜமாகவே அப்படியொரு கல்லிடுக்குத் தேரை இருக்கிறது. கட்டைவிரல் அளவுதான். பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலையின் பாறை ஓடைகளில் வாழ்கிறது. 1870-இல் ஸ்டோலிஸ்கா என்ற அறிவியலாளர் அதற்கு அன்சோனியா பினாங்கென்சிஸ் என்று பெயர் வைத்தார். இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது.

இதன் தலைப்பிரட்டைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். வேகமாகப் பாயும் தண்ணீரில், வாயாலேயே பாறையை இறுகப் பற்றிக்கொண்டு, அடித்துப் போகாமல் பாசியைச் சுரண்டித் தின்னும். அந்தப் பாய்ச்சல்தான் அவற்றுக்கு மூச்சு. நீர் கல்லில் மோதி நுரைக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் அதில் கலக்கிறது.

சரி, வெப்பம் கூடினால் என்ன ஆகும்? சூடான நீரில் ஆக்சிஜன் அதிகம் தங்காது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏறக்குறைய 7.5தான். தவளையினம் குளிர் ரத்தப் பிராணி. நீர் சூடானால் அதன் உடலும் சூடாகும், உடலுக்குள் எல்லாம் வேகமெடுக்கும், ஆக்சிஜன் தேவையும் ஏறும். வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது. தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அது மழை குறைந்த காலம். வறட்சி நீண்டால் ஓடை மெலிந்து, நுரை அடங்கி, ஆங்காங்கே குட்டையாகத் தேங்கிவிடும்.

வளர்ந்த தேரைக்கும் நிம்மதியில்லை. தவளைகளும் தேரைகளும் தோல் வழியாகவே நீர் குடிக்கும், மூச்சின் ஒரு பகுதியையும் அதன் வழியாகவே விடும். தோல் காய்ந்தால் இரண்டும் தடைப்படும். அதனால் வறண்ட நாளில் ஈர இடுக்கிலேயே பதுங்கிக் கிடக்கும். இரை தேடவும் இணை தேடவும் கிடைக்கும் நேரம் சுருங்கிப் போகும்.

மேலே ஏறிப் போகலாமே என்று தோன்றும். 100 மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குளிரும். ஆனால் இந்த மலைத்தொடரின் உச்சியே 833 மீட்டர்தான். அப்புறம், உச்சியை நெருங்க நெருங்க ஓடைகள் வெறும் கசிவாகிவிடும். அங்கே குளிர்ச்சி இருக்கும். தலைப்பிரட்டைக்கு வேண்டிய பாய்ச்சல் இருக்காது.

ஓடைக்கு மேல் கவிந்திருக்கும் மரநிழல் நீரைச் சூடேறாமல் காக்கிறது. கொடிமலைக் காடு 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கரையோரத்தில் ஒரு மரம் விழுந்தாலும், அதற்குக் கீழே பாறையைப் பற்றியிருக்கும் தலைப்பிரட்டையின் மேல் நேராக வெயில் விழும்.